தலைகீழ்க் கேமராவும் நாற்பது நிமிட மங்கலும்

பிப்ரவரி 11

மாப்பிள்ளைக்கு,

போன வாரம் ஒரு பெரிய மனிதரை முக்கால் மணி நேரம் தலைகீழாகத் தொங்கவிட்டேன். வேறு யார் வாயிலிருந்தாவது இது உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை.

ஒரு வங்கி மேலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் விழா. என்னுடைய நல்ல கேமரா ரிப்பேரில் இருந்ததால், பரணில் கிடந்த நம் பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்துப் போனேன். போனவன் சும்மா மாட்டியிருக்கலாம். கை தன்னால் அதைக் கவிழ்த்து ஸ்டாண்டில் திருகிவிட்டது. உங்களோடு வேலை பார்த்த கை அல்லவா. கேமராவின் முன்னால் நாம் செய்த அடாப்டரைப் போட்டிருந்தால் அதுதான் சரி: ஸ்டில் கேமரா லென்ஸ், தேய்த்த சிடி தட்டின் மேல் ஆளைத் தலைகீழாகக் கொட்டும், கேமராவையும் கவிழ்த்தால் பதிவில் ஆள் நிமிர்ந்துவிடுவார், படம் பிடிக்கிற எனக்கு மட்டும் சின்னத் திரையில் எல்லோரும் வௌவால் மாதிரி தொங்குவார்கள். அன்றைக்கு அடாப்டர் இல்லை. திரையில் எல்லோரும் நேராக நின்றார்கள். சந்தேகப்பட வேண்டியவன் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் குடும்பமே உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறது. மேலாளரின் மனைவி எனக்குப் போன் செய்தார். “தம்பி, இவர் ஆபீஸ்ல முப்பது வருஷமா இப்படித்தான் இருந்தாரா? இல்ல, கடைசி நாள் மட்டுமா?” என்றார். டிவியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்து மீதியைப் பார்த்தார்களாம்.

என் வீட்டுக்காரி சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “இதை உங்க மாப்பிள்ளைகிட்ட சொன்னா அவரே சிரிப்பார். எழுதுங்க.” நீங்கள் என் போனை எடுப்பதில்லை, எண்ணைப் பார்த்ததும் வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிக்கும்போது இரண்டு வரியாவது கண்ணில் படும்.

கேமரா இருந்த அதே பெட்டியில் அடாப்டருக்காக நீங்கள் லேத்தில் கடைந்த அலுமினியக் குழாயும் இருந்தது. பக்கத்தில் பாப்பாவின் டேப். என் தங்கையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டேப்பின் மேலும் ‘பாப்பா’ என்றுதான் எழுதியிருக்கிறேன். பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டேன்.

ஒன்பது வருடமாகச் சொல்வதையே திரும்பவும் சொல்கிறேன். முனை தேய்ந்த ஸ்கேலை வைத்து அளந்து உங்களுக்குத் தப்பான கணக்கு எழுதிக் கொடுத்த மடையன் நான். குழாய் நீளமாகிவிட்டது. நீளமானால் கிட்டே இருக்கிற பொருள்தான் தெளிவாக விழும், எட்டி உட்கார்ந்திருப்பவள் மங்கிப்போவாள் என்பது உங்களுக்குத் தெரியும். மன்னிக்கச் சொல்லவில்லை. வாலு எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள். என் மருமகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். இன்னும் அந்த நாமம் செல்லுபடியாகிறதா?

கல்யாணத்துக்கு முன்னால் உங்களை ‘டேய்’ என்று கூப்பிட்ட வாய்தான் இது. தங்கையைக் கொடுத்த நாளிலிருந்து ‘நீங்கள்’. சண்டையிலும் அதை மாற்றவில்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

மச்சான்


பிப்ரவரி 26

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். அதற்குள் மகள் வாங்கிப் படித்துவிட்டாள். வங்கி மேலாளர் பகுதியை இரண்டு முறை சத்தமாகப் படித்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

எனக்காக எழுதுவதானால் இனி எழுத வேண்டாம். ஆனால் அவள் மீதிக் கடிதத்தையும் படித்துவிட்டாள். “அம்மா டேப்னா என்னப்பா?” என்று கேட்டாள்.

அவளிடம் அம்மாவின் போட்டோ பதினான்கு இருக்கிறது. எல்லாம் நான் எடுத்தவை. எல்லாவற்றிலும் அவள் அசையாமல் நிற்கிறாள். “அம்மா எப்படி நடப்பாங்க, எப்படிப் பேசுவாங்க?” என்று போன வருடம் கேட்டபோது, அப்படி எதுவும் எடுத்து வைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த டேப் இருப்பதும் இல்லாததும் ஒன்று என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது பொய்யனாகி நிற்கிறேன்.

டேப்பை அனுப்புங்கள். மங்கலாக இருந்தால் இருக்கட்டும். அவளிடம் சொல்லிவிட்டேன்.

இங்கே பம்ப் கம்பெனியில் லேத் வேலை. உடம்பு பரவாயில்லை.


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தில் பதினேழு வரி. எண்ணினேன். ஒன்பது வருடத்துக்குப் பதினேழு வரி என்றால் வருடத்துக்கு இரண்டு வரிகூடத் தேறாது. இருந்தாலும் வீட்டுக்காரி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள்.

டேப் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல். அதை ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரே கருவி அந்தப் பழைய கேமராதான். அது இப்போது டேப்பை மெல்ல ஆரம்பித்திருக்கிறது. ஒரு கல்யாண டேப்பைப் போட்டேன், பாதியை விழுங்கிவிட்டது. பாப்பாவுடையதைப் போட மனசு வரவில்லை. ஆள் கிடைத்ததும் சரி பண்ணி அனுப்புகிறேன்.

அதுவரை வாலுவுக்கு நான் கதையாகவே சொல்லிவிடுகிறேன், நீங்கள் படித்துக் காட்டுங்கள். உன் அப்பாவும் நானும் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கேமராவில் மணப்பெண்ணும் பின்னால் இருக்கிற மின்விசிறியும் கொட்டாவி விடுகிற சித்தப்பாவும் ஒரே தெளிவாக விழுவார்கள். சினிமாவில் மட்டும் முகம் தெளிவாகவும் பின்னணி கரைந்தும் இருக்கிறதே என்று எனக்கு வயிற்றெரிச்சல். உன் அப்பாதான் வழி சொன்னார்: “நம்ம ஸ்டில் கேமரா லென்ஸை முன்னால வைப்போம் மச்சான். அது ஒரு கண்ணாடியில உருவத்தை விழ வைக்கும். அந்தக் கண்ணாடியை வீடியோ கேமரா படம் பிடிக்கட்டும்.” விலைக்கு வாங்கக்கூடியது இல்லை, நாங்களே செய்தோம்.

கண்ணாடிக்குப் பதில் ஒரு சிடி தட்டு. அதன் பூச்சைச் சுரண்டிவிட்டு, மெக்கானிக்குகள் வால்வு தேய்க்கிற பசையைப் போட்டு உன் அப்பா இரண்டு நாள் தேய்த்தார். உன் அம்மா வாசலில் நின்று சொன்னாள்: “பாத்திரம் தேய்க்கச் சொன்னா தோள் வலிக்குது. சிடி தேய்க்க மட்டும் வலிக்கலையாக்கும்.” தேய்த்த தட்டின் புள்ளிகள் படத்தில் தெரியாமலிருக்க, அதைச் சுற்றவைக்க ஒரு பொம்மைக் காரின் மோட்டார். இவ்வளவையும் அடைக்க ஒரு பெட்டி வேண்டுமே. அன்று மத்தியானம் உன் அம்மா தன் டிபன் பாக்ஸை வீடு முழுக்கத் தேடினாள். தேடினதெல்லாம் சரி, கண்டுபிடித்தபோது அதன் அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை இருந்தது. “ரெண்டு பேரும் பசியில சாவுங்க” என்றாள். சாயங்காலம் அந்த லென்ஸ் வழியாக முதலில் எடுத்தது அவளைத்தான். அதைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகிவிட்டாள். அந்தப் பதிவின் மேல் வேறொரு வீட்டு நிச்சயதார்த்தத்தை எடுத்துவிட்டோம், எங்களுக்கு அப்போது என்ன தெரியும்.

முன்பக்கம் முதலில் பிளாஸ்டிக் குழாய்தான் இருந்தது. லென்ஸ் கனத்தில் தலை ஆட்டும். அதனால் அப்பா அலுமினியத்தில் புதிதாகக் கடைந்தார், நான் எழுதிக் கொடுத்த அளவுக்கு. அது வந்த வாரம்தான் அம்மா இரண்டாவது சிகிச்சைக்கும் மூன்றாவதற்கும் நடுவில் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்கே சொல்கிறேன், மாப்பிள்ளை, இதைப் படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் சொன்னீர்கள்: “சாதாவாவே எடுங்க மச்சான். அவ பேசறது விழுந்தா போதும்.” நான் பெரிய இவன் மாதிரி, “போங்க மாப்பிள்ளை, சினிமா மாதிரி எடுத்துத் தர்றேன்” என்றேன். குழந்தையின் அழுகை பதிவில் விழ வேண்டாமென்று வாலுவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தெருவுக்கு இறங்கினீர்கள். நான் கதவைச் சாத்தினேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஸ்கேல்.

மச்சான்


மார்ச் 20

மச்சானுக்கு,

டேப் கேட்டேன். எட்டுப் பக்கம் வேடிக்கைக் கதை வந்திருக்கிறது.

டிபன் பாக்ஸ் கதையை மகள் மனப்பாடமாகச் சொல்கிறாள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். ஆனால் அவள் தினமும் பள்ளி விட்டு வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். நேற்று, “மாமா கதை சொல்லியே காலத்தைத் தள்ளுறாரோப்பா?” என்று கேட்டாள். உங்களைப் பார்த்ததுகூட அவளுக்கு ஞாபகமில்லை. எப்படிப் பிடித்தாள் பாருங்கள்.

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். அவள் அம்மா இறந்த பிறகு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அந்த டேப்பைப் போட்டோம். மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் கண்ணைப் பறிக்கிற மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. டம்ளருக்குப் பின்னால் நீலமாக ஏதோ அசைந்தது. அது என் மனைவி. நான் சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. “இருந்த ஒண்ணையும் கெடுத்துட்டீங்களே” என்றேன். உங்கள் வீட்டு அக்கா முன்னால் சொன்னேன். அது தப்புதான்.

ஆனால் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? “ஸ்கேல் முனை தேஞ்சிருந்துச்சு மாப்பிள்ளை, நானே ஒரு தேஞ்ச ஸ்கேல்தானே” என்றீர்கள். அந்த இடத்திலும் ஒரு வேடிக்கை. நீங்கள் அன்று அழுதிருந்தால் நான் ஊரை விட்டு வந்திருக்க மாட்டேன்.

டேப்பை மெல்லும் கேமராவைச் சரி செய்ய ஆள் தேட வேண்டாம். இங்கே ஓட்டுகிற கருவியை நான் ஏற்பாடு செய்துவிட்டேன். டேப் மட்டும் வந்தால் போதும். அந்தக் குழாயையும், டிபன் பாக்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். லென்ஸ் என்னிடம் இருக்கிறது. குழாய் நான் கடைந்தது, என்னிடமே இருக்கட்டும்.


ஏப்ரல் 3

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கேட்ட மூன்றையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். டேப் நடுவில், அதைச் சுற்றி என் பழைய பனியன்கள் இரண்டு. துவைத்தவைதான்.

கேமரா டேப்பை மெல்லவில்லை. பரணில் தூசி படிந்து கிடந்தது என்றதும், கல்யாண டேப்பை விழுங்கியது என்றதும் பொய். நன்றாகவே ஓடுகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வீட்டுக்காரி வெளியே போகும்போதெல்லாம் போட்டுப் பார்ப்பேன். எத்தனை தடவை என்று மட்டும் கேட்காதீர்கள். “உங்களுக்கு வேற வேலையே இல்லையா, டிவியை எப்பப் பாரு தொட்டா சூடா இருக்கு” என்று அவள் திட்டுவாள். கிரிக்கெட் பார்த்தேன் என்பேன்.

வாலுவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பேச்சு முழுக்க மோட்டார் சத்தம் இருக்கும், பத்துக் கொசு ஒரே நேரத்தில் பாடுகிற மாதிரி. அதற்கு அடியில் பாப்பாவின் குரல். முதல் தடவை ஒன்றும் புரியாது, மூன்றாவது தடவையில் காது பழகும். பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்துவைத்த கதை சொல்வாள். நடுவில் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போவாள், திரும்பி வருவாள்.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் அவளுக்குத் தாகம் எடுக்கும். நானே எடுத்துத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. அவளே வந்து அந்த டம்ளரை எடுப்பாள். எடுக்கும்போது குனிவாள். அப்போது முகம் முழுசாகத் தெளிவாக விழும். நான்கு வினாடி. என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பாள். பிறகு பின்னால் போய்விடுவாள். நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம், டேப் தேய்ந்துவிடும். அந்த இடம் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

மச்சான்


ஏப்ரல் 25

மச்சானுக்கு,

பார்சல் வந்தது. அன்றே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம்.

மகள் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டாள். அவள் அம்மா ஜன்னலைச் சாத்த எழுந்து நடந்தபோது, “நிறுத்துங்கப்பா” என்றாள். நிறுத்தினேன். எழுந்து போய் எங்கள் ஜன்னல்வரை நடந்து காட்டினாள். இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசி நடக்கிறாள். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன், “நேரா நட” என்று திட்டியிருக்கிறேன். டேப்பில் இருக்கும் நீல உருவமும் அப்படியேதான் நடந்தது. முகம் தெரியாததால்தான் நடை தெரிந்ததோ என்னவோ. நானும் இத்தனை வருடம் கவனிக்கவில்லை.

நான்கு வினாடியைப் பற்றி எழுத வரவில்லை.

இப்போது வேறு விஷயம். நேற்றுக் குழாயை வேலை இடத்துக்கு எடுத்துப் போய் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு என் பர்ஸில் இன்னும் இருக்கிறது. சீட்டில் உள்ள அளவும் குழாயின் அளவும் ஒன்றே. சரி, சீட்டின் கணக்கே தப்பு என்றுதானே சொன்னீர்கள் என்று லென்ஸைப் பொருத்திப் பார்த்தேன். டிபன் பாக்ஸை மாடிச் சுவரில் வைத்து, தேய்த்த தட்டில் என்ன விழுகிறது என்று நேராகவே பார்த்தேன். தெருக் கோடியில் நின்ற பஸ்ஸின் எண் தலைகீழாக விழுந்தது. படிக்க முடிந்தது. பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்து, பத்தடி தள்ளி மகளை உட்கார வைத்துப் பார்த்தேன். லென்ஸின் வளையத்தைத் திருகினால் இமை முடிகூடத் தெரிகிறது.

குழாய் சரி, மச்சான். உங்கள் அளவு சரி. ஒன்பது வருடமாக நான் உங்களைத் திட்டியது இல்லாத ஒரு தப்புக்காக. இது தெரியாமல் நீங்கள் சொன்னீர்களா, தெரிந்தா? குழாய் சரியென்றால் அன்றைக்கு அவள் ஏன் மங்கலாக இருந்தாள்?

கோபமாகக் கேட்கவில்லை. பதில் எழுதுங்கள். எட்டுப் பக்கம் வேண்டாம்.


மே 6

மாப்பிள்ளைக்கு,

தெரிந்துதான் சொன்னேன்.

கேமராவைக் கவிழ்த்து மாட்டி, லென்ஸைத் திருகிக் கூர்மைப்படுத்தினேன். முதலில் அவள் தெளிவாகத்தான் இருந்தாள். திரையில் கட்டில் மேலே, அவள் தலை கீழே. தலைகீழாக இருக்கும்போது எந்த முகமும் எனக்கு ஒரு வேலைதான். மணப்பெண் அழுதாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. அதை நம்பித்தான் கதவைச் சாத்தினேன். ஆனால் அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. உங்கள் லென்ஸ் இருக்கிறதே, அதற்கு இரக்கமே கிடையாது. கழுத்து எலும்பின் குழியில் நிழல் தேங்கியிருந்தது. துணி கட்டிய தலை. பவுடர் போட்டிருந்தாள், அது கன்னத்தில் ஒட்டாமல் நின்றது. ஆஸ்பத்திரியில் தினமும் பார்த்த முகம்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேலி பேசிக்கொண்டு பார்ப்பதும், கருவியில் வைத்து உற்றுப் பார்ப்பதும் ஒன்றில்லை. அவள் பிழைக்க மாட்டாள் என்பது எனக்கு அந்தச் சின்னத் திரையில்தான் தெரிந்தது.

வளையத்தைத் திருகினேன். ஒரு திருகில் கழுத்து போனது. இன்னொன்றில் கன்னம் போனது. மூன்றாவதில் நீலப் புடவை கட்டிய ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், நோயும் இல்லை, வயதும் இல்லை. அவளோடு என்னால் நாற்பது நிமிடம் பேச முடிந்தது. டம்ளர் தெளிந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவள் தாகத்துக்கு எழுந்து வந்து தன் முகத்தைத் தானே அங்கே வைத்துவிட்டுப் போனாள்.

உங்கள் முன்னால் அழாமல் ஸ்கேல் கதை சொன்னதற்குக் காரணம், அளவு தப்பினேன் என்றால் என்னைப் பற்றி யாரும் நம்புவார்கள். கோழை என்றால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மடையன் பட்டத்தை வாங்கிக்கொண்டேன். வாலுவிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதை நீங்களே முடிவு செய்யுங்கள். அவளுக்கு எழுதலாமா என்றும் சொல்லுங்கள். வேண்டாமென்றால் எழுதவில்லை.

மச்சான்

பி.கு. டேப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. பதிவுப் பொத்தானை அமுக்குவதற்கு முன் பாப்பா கேட்டாள்: “அண்ணா, இது வாலு பெரியவளாகிப் பார்க்கிறதுக்கு. என் முகம் நல்லாத் தெரியுதா, பார்த்துச் சொல்லு.” பளிச்சென்று தெரிகிறது என்றேன். அப்போது திருகி முடித்திருந்தேன்.